ஊக்குத்தொகை

எனக்கு வயது எழுபத்து மூன்று. வளர்த்தது ஐந்து. பெற்றது நாலுதான். ஐந்தாவது, என் கடைசி மருமகள் மகேசு.

"மருமவள எப்பிடிம்மா வளத்த கணக்குல சேக்கற?" என்று என் மூத்த மகள் சண்டைக்கு வருவாள். சேர்ப்பேன். பத்தொன்பது வயதில் வீராம்பட்டினத்து மீனவர் வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தவள். மீன் குழம்பு தவிர வேறு ஒன்றும் வைக்கத் தெரியாமல் வந்தவள். ரசம் யார் கற்றுக்கொடுத்தது? வளர்த்தேனா இல்லையா?

ஆனால் அந்தக் கணக்கில் இந்த வாரம் ஒரு திருத்தம் இருக்கிறது. அவசரம் இல்லை, வருகிறேன்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம். மகேசு வேலை பார்ப்பது விமானத்துக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனியில். ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில் இருக்கிறது, பெயர் எதற்கு? அங்கே சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் நடந்த பேச்சு முடிந்து ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. சங்கம் அச்சடித்த நோட்டீஸைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் என்பது வாராவாரம் பத்திரிகையில் இந்த மூலைக்கு வருகிற உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல, பேத்தி யாழினி எழுத... அப்படித்தான் இது ஓடுகிறது. அன்று அவள் டியூஷன் போயிருந்தாள். சரி, நாமே பார்ப்போம் என்று விரலை வைத்தேன்.

ஊ... க்... கு...

எனக்குத் திக்கென்றது.

"ஏண்டி மகேசு, எல்லாம் முடிஞ்சிபோச்சின்னு சொன்னியே... ஊக்குத்தொகைன்னு போட்டிருக்கே. அந்த ஊக்குக்கு இன்னும் காசு புடிக்கிறாங்களா?"

அவள் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த காபி புடவையில் சிந்தியது. "ஐயோ அத்த, அது ஊக்கத்தொகை. இன்சென்டிவ். அவங்க நமக்குக் குடுக்கறது."

க-வுக்கு ஒரு வால் போட்டுப் படித்துவிட்டேன். அவ்வளவுதான். ஆனால் என் மேல் தப்பில்லை. இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் ஊக்கு என்ற வார்த்தையைத் தவிர வேறு எதுவுமே யார் காதிலும் விழவில்லை.

மகேசின் வேலை, ஒயர் கட்டும் வேலை. ஒரு விமானத்துக்குள் எவ்வளவு ஒயர் ஓடுகிறது தெரியுமா? எனக்கும் தெரியாது. உங்கள் வீட்டு மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்து, அதை ஆயிரம் மடங்காக்கிக்கொள்ளுங்கள். அத்தனையையும் பெரிய பலகை மேல் பரப்பி, கட்டுக்கட்டாகச் சேர்த்து, மெழுகு நூலால் முடிச்சுப் போட்டு, மேலே உறை மாட்டி அனுப்புகிறார்கள். அது கடல் தாண்டிப் போய் எங்கோ ஒரு விமானத்தின் வயிற்றுக்குள் ஏறுகிறது.

அந்தக் கூடத்துக்குள் போகிறவர்களுக்கு ஒரே ஒரு பெரிய சட்டம். விமானத்துக்குச் சொந்தமில்லாத எதுவும் உள்ளே வரக்கூடாது. வளையல் கூடாது. மோதிரம் கூடாது. மெட்டி, கொண்டை ஊசி, பூ... எதுவும் கூடாது. தலைக்கு ஒரு தொப்பி, கழுத்து வரை ஒரு கோட்டு.

"ஏண்டி, ஒரு மெட்டி என்னாடி பண்ணிடும்?" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"ஒயர் நடுவுல போயி உருண்டுச்சின்னா, மேல தோல் தேஞ்சி, ரெண்டு ஒயரும் தொட்டுக்கும் அத்த. அப்புறம் நெருப்புதான். ஆகாசத்துல வண்டிய ஓரமா நிறுத்தவா முடியும்?"

சரி, தாலி? அதையும் கழற்றத்தான் சொன்னார்களாம். சங்கம் போய்ப் பேசியது. உள்ளே தள்ளி, மேலே டேப் ஒட்டி, கோட்டை மூடிக்கொண்டால் போதும் என்று முடிந்தது. அங்கே பெண்களுக்குச் சங்கத்தின் மேல் நம்பிக்கை வந்ததே அதற்குப் பிறகுதான்.

தாலியைப் பற்றி அத்தனை பேர் மேஜை போட்டுப் பேசினார்கள். தாலிச் சரட்டில் தொங்குகிற ஊக்கைப் பற்றி ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

ஏன்? ஊக்கு நகையும் இல்லை, சாமானும் இல்லை. நம் ஊரில் கல்யாணமான எந்தப் பெண்ணின் சரட்டை வேண்டுமானாலும் பாருங்கள், குறைந்தது இரண்டு தொங்கும். முந்தானை நழுவினால் ஊக்கு. பையில் ஜிப் போனால் ஊக்கு. பிள்ளையின் டவுசரில் பொத்தான் அறுந்தால் ஊக்கு. காலில் முள் ஏறினால், பல்லிடுக்கில் கீரை மாட்டினால்... சரி, அதற்கும்தான். அது உடம்பில் இருப்பதே நமக்குத் தெரியாது. முழங்காலுக்கு ஸ்கேன் எடுக்கப் போனபோது, "இரும்பு ஏதாவது இருக்கா பாட்டி?" என்று கேட்டார்கள். சத்தியமாக இல்லை என்றேன். மூன்று தொங்கியது.

அன்று காலையிலும் அப்படித்தான். பேத்தியின் பள்ளிக்கூடப் பாவாடையில் கொக்கி போய்விட்டது. மகேசு கடையில் ஒரு கோர்வை ஊக்கு வாங்கி, ஒன்றைப் பிள்ளைக்குக் குத்தி, இரண்டைத் தன் சரட்டில் மாட்டிக்கொண்டு, அரியாங்குப்பம் பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்து நிற்கிற கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினாள். கேட்டில் வளையலைக் கழற்றினாள், மெட்டியைக் கழற்றினாள், சரட்டை உள்ளே தள்ளி டேப் ஒட்டினாள்.

டீ நேரத்தில் கை கழுவப் போனவளுக்குக் கழுத்தில் ஏதோ உறுத்தியது. பார்த்தால், குனிந்து நிமிர்ந்ததில் கோட்டின் மேல் பொத்தான் கழன்றிருக்கிறது. டேப் பாதி உரிந்திருக்கிறது. சரட்டில் ஒரு ஊக்குதான் இருக்கிறது.

இன்னொன்று?

பஸ்ஸில் விழுந்திருக்கலாம். பாலத்து மேல் விழுந்திருக்கலாம். யார் கண்டது? அங்கே அவளைத் தவிர ஒருவரும் இல்லை. இருந்த ஒன்றையும் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் முடிந்தது கதை. அதுவும் எந்த நேரம்? தற்காலிகமாகவே பல வருடம் ஓட்டியவளை நிரந்தரமாக்கப் போகிற மாதம் அது.

அவள் நேராகச் சூப்பர்வைசரிடம் போனாள். "சார், ஊக்கு ஒண்ணக் காணோம்" என்றாள்.

கூடம் நின்றது. முழுக் கூடமும். விளக்கு அடித்துத் தேடினார்கள். காந்தம் விட்டுத் தேடினார்கள். தரையில் தவழ்ந்து தேடினார்கள். ஷிப்ட் முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போக முடியவில்லை; பஸ் போய்விட்டது. பக்கத்துப் பலகையில் வேலை செய்கிறவள் ஷம்ஷாத். மகேசும் அவளும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிற சிநேகிதம். அவளே கேட்டாளாம்: "ஏண்டி, வாய மூடிக்கிட்டு இருந்தா என்னா? எம்புள்ள ஸ்கூல் வாசல்ல நிக்கிதுடி."

ஊக்கு கிடைக்கவில்லை. மகேசுக்கு மெமோ கிடைத்தது. விசாரணை முடிகிறவரை வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள்.

நானும் வேலை பார்த்தவள்தான். மில்லில் ரீலிங் செக்‌ஷனில் நூல் சுற்றினவள். அங்கே எங்களுக்கு முதல் பாடமே, உடைந்தால் பார்க்கவில்லை, கேட்டால் தெரியாது. ஒருத்தி பெயரை இன்னொருத்தி சொன்னது கிடையாது. அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் இல்லை. அந்தக் காலத்தில் வாயைத் திறந்தவள் வயிறு காய்ந்தது. ஆனால் தன் பெயரைத் தானே போய்ச் சொன்ன ஒருத்தியை நான் எந்த மில்லிலும் பார்த்ததில்லை. என் வீட்டுச் சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் சங்கச் செயலாளர் குமரேசன் வந்தான். அவன் அப்பா மில் ஸ்ட்ரைக்கில் வாசலில் எங்களோடு நின்றவர். அந்த உரிமையில் 'அவன்' என்கிறேன்.

"என்னா மகேசு, நீயே போயி ஆப்பு வாங்கிக்கினு வந்திருக்க?"

"காணோம்ண்ணா. காணோம்னா காணோம்னுதான சொல்லணும்?"

"பஸ்ல வுழுந்திருக்கும். எவனுக்குத் தெரியும்? ஒப்பந்தம் பேசற நேரத்துல இது தேவையா? தாலிக்கு எடம் குடுத்தோம், இப்ப ஊக்கு வந்திடுச்சின்னு நிர்வாகத்துல சொல்றாங்க. இனிமே எல்லாத்தையும் கழட்டணுமாம். உன்னால எல்லாப் பொம்பளைங்களுக்கும் பேச்சு."

மகேசு டீயை அவன் முன்னால் வைத்தாள். பிறகு சொன்னாள்: "எங்கப்பா கடலுக்குப் போறப்ப, படகத் தள்றதுக்கு முன்னாடி சத்தமா ஒண்ணு கேப்பாருண்ணா. 'எவனாச்சும் எதாச்சும் பாத்தீங்களாடா?'ன்னு. ஓட்ட இருந்தா அங்கயே சொல்லிடணும். கரையில சொல்லாத ஓட்ட கடல்ல தானே சொல்லும்பாரு."

குமரேசன் என்னைப் பார்த்தான். "டீ ஆறுதுப்பா" என்றேன்.

இங்கே ஒரு பழைய வார்த்தை சொல்லவேண்டும். என் மாமனார் பிரெஞ்சுக்காரன் காலத்தில் மில்லில் இருந்தவர். சங்கத்தை அவர் சங்கம் என்று சொன்னதே இல்லை. 'சிந்திக்கா' என்பார். பிரெஞ்சு வார்த்தையாம். எங்கள் வீட்டில் அதுவே நின்றுவிட்டது. "சிந்திக்காவா, சிந்திக்காத சங்கமா?" என்று டெம்போ ஓட்டுகிற என் மகன் சேகர் கிண்டல் பண்ணுவான். மகேசின் வீட்டுக்காரன் அவன்தான். மெமோ வந்த அன்றும் அதையே சொல்லித்தான் கத்தினான்.

குமரேசன் டீயைக் குடித்துவிட்டுப் போனான். சிந்திக்கா அன்றுதான் சிந்திக்கப் போயிருக்கிறது. எங்களுக்கு அது அப்போது தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து ஷம்ஷாத்திடமிருந்து போன்.

"கெடச்சிடுச்சிடி."

எங்கே? ஊக்கு காணாமல் போன அன்று காலையில் முதலில் முடிந்த கட்டு. சோதனையெல்லாம் தாண்டி, அனுப்புவதற்காகப் பெட்டிக்குள் போய்விட்டிருந்தது. அந்தப் பெட்டியையும் விடாமல் திறந்து பார்த்திருக்கிறார்கள். உறைக்குள், ஒயர்களுக்கு நடுவில், வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்ததாம் ஊக்கு.

"நாந்தாண்டி கண்டுபுடிச்சேன்" என்றாள் ஷம்ஷாத். 'வாய மூடிக்கிட்டு இருந்தா என்னா' என்று கேட்ட அதே ஷம்ஷாத்.

இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? யோசித்துப் பாருங்கள். கிடைக்காதவரை, பஸ்ஸில் விழுந்தது என்று வாதாடலாம். இப்போது? ஊக்கு அவளுடையது. கட்டும் அவள் கட்டினது. கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தது யார்? அவளேதான்.

"வேல அவ்ளோதான்" என்றான் சேகர். மகேசு எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். அன்று சாதம் குழைந்துபோயிருந்தது. அதையே மோர் ஊற்றிச் சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் கேட் மீட்டிங். எனக்கு அழைப்பு இல்லைதான். கேட் மீட்டிங்குக்கு யார் வெற்றிலை பாக்கு வைக்கிறார்கள்? சேகரின் டெம்போவில் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன். கம்பெனிக்கு எதிரே டீக்கடை பெஞ்ச். எனக்கு அதுவே மேடை. மகேசு கூட்டத்தில் ஒரு ஓரமாக நின்றாள்.

ஷிப்ட் விட்டு எல்லாரும் வெளியே வந்தார்கள். குமரேசன் ஒரு ஸ்டூல் மேல் ஏறி, பேச்சில் எது எது முடிந்தது என்று சொன்னான். காலாப்பட்டுப் பக்கத்துக்கும் கம்பெனி பஸ். கேன்டீனில் நல்ல அரிசி. ராத்திரி ஷிப்ட் பெண்களை வீட்டு வாசல் வரை கொண்டுவிட வேன். மாமனார் மாமியாருக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு. என் முழங்கால் அதில் இருக்கிறது, கவனித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஊக்கத்தொகை.

ஒவ்வொன்றுக்கும் கைதட்டல்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குது" என்றான். "தன் தப்ப தானே வந்து சொல்ற தொழிலாளி மேல நடவடிக்க கூடாதுன்னு கேட்டிருக்கோம். நிர்வாகம் ஒத்துக்கல. இதப் புடிச்சிக்கிட்டு நின்னா மத்தது எல்லாமே தள்ளிப்போவும். நிக்கறதா, வுடறதா? நீங்கதான் சொல்லணும்."

கைதட்டல் இல்லை.

"ஒரு ஊக்குக்காக ஊக்கத்தொகைய வுடச் சொல்றியா?" என்று ஒருவன் கேட்டான். அவனைத் திட்டமுடியுமா? அவனுக்கும் வீட்டு வாடகை இருக்கிறதே. மகேசு தலையைக் குனிந்துகொண்டாள்.

ஷம்ஷாத் முன்னால் வந்தாள்.

"நான் ஒண்ணு கேக்கறேன். மகேசுக்கு வேல போயிடுச்சின்னு வச்சிக்க. நாளைக்கி எங்கையிலேருந்து ஒரு நட்டு உள்ள வுழுது. நான் போயி சொல்லுவனா? சொல்லமாட்டேன். எனக்கு ரெண்டு புள்ள. நீ சொல்லுவியா? நீயும் சொல்லமாட்ட. அப்ப அந்தப் ப்ளேன்ல யாரு போறது?"

"ஏன், நீ போவப்போறியா ப்ளேன்ல?" பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள்.

"நான் போவல. எங்கம்மா போவுது. ஹஜ்ஜுக்கு. நீயே வந்து அதுங்கிட்ட சொல்லு... ஊக்கு கீக்கு கெடக்கும் பாட்டி, பாத்து ஒக்காருங்கன்னு."

சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"நிக்கலாம்னு சொல்றவங்க கையத் தூக்குங்க" என்றான் குமரேசன்.

முதலில் பெண்கள் தூக்கினார்கள். வேலையிலிருந்து அப்படியே வந்தவர்கள். ஒரு கையிலும் வளையல் இல்லை. மொட்டைக் கையை நம்மில் நல்லதாகச் சொல்வதில்லை. பிறந்த வீட்டுக்குக்கூட மொட்டைக் கையோடு போகமாட்டோம். ஆனால் அன்று அந்தக் கைகளைப் பார்த்தபோது... என்ன சொல்ல, தேர் வடம் பிடிக்கிற கைகள் மாதிரி இருந்தன. பிறகு ஆண்கள் தூக்கினார்கள். 'வுடச் சொல்றியா' என்று கேட்டவனும் கடைசியில் தூக்கினான்.

என் கையும் மேலே போய்விட்டது. சேகர்தான் பிடித்து இழுத்து இறக்கினான். "ம்மா, நீ மெம்பர் இல்லம்மா."

நின்றார்கள். பேச்சு இழுத்தது. எங்கள் வீட்டில் சோற்றுக்குக் குறையில்லை, சிரிப்புக்குத்தான் குறை. நிர்வாகத்திலேயே தரம் பார்க்கிற அதிகாரி ஒருவர், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, பயந்தவர்கள் மறைப்பார்கள் என்று எடுத்துச் சொன்னதாகக் குமரேசன் பிறகு சொன்னான். நல்ல மனுஷன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். மெமோ ரத்து. மகேசு நிரந்தரம். தாலி தாலியாகவே இருக்கிறது.

ஊக்குக்கு மட்டும் புதுச் சட்டம். கேட்டில் ஒரு பெரிய பஞ்சு மெத்தை மாட்டியிருக்கிறார்கள். கோயில் வாசலில் செருப்பு விடுகிற மாதிரி, உள்ளே போகிற பெண்கள் ஊக்கைக் கழற்றி அதில் குத்திவிட்டுப் போகவேண்டும். செக்யூரிட்டி அம்மா ஒவ்வொருவரையும் கேட்கிறாளாம்: "ஊக்கு?" சாயங்காலம் போகும்போது யார் ஊக்கு யாருடையது என்று சண்டை. அது வேறு கதை.

தப்பைத் தானே வந்து சொன்னால் நடவடிக்கை இல்லை என்ற அந்தப் புது ஷரத்துக்கு நோட்டீஸில் ஏதோ நீளமான பெயர் இருக்கிறது. கூடத்தில் யாரும் அதைச் சொல்வதில்லையாம். 'மகேசு ஷரத்து' என்கிறார்களாம். என் மருமகள் பெயரில் ஒரு சட்டம். நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தால் தப்பா?

இப்போது அந்தத் திருத்தம். போன ஞாயிற்றுக்கிழமை வீராம்பட்டினம் போய், சம்பந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க சொல்லிக் குடுத்ததுதான் இவ்வளவும்" என்றேன்.

அவர் வலையில் சிக்கெடுத்துக்கொண்டே, "நான் எங்க சொல்லிக் குடுத்தேன்? கத்துவேன். அதுக்குக் காது இருந்திருக்குது" என்றார்.

அதனால் வளர்த்தது ஐந்து இல்லை, நாலரை. ரசம் என்னுடையது. மற்றது அவருடையது. மூத்தவள் இதைப் படித்தால் சந்தோஷப்படுவாள்.

பஸ் கிடைத்தது, காப்பீடு கிடைத்தது, தொகை கிடைத்தது. எல்லாம் வேண்டியதுதான், சங்கம் இருப்பதே அதற்குத்தானே. ஆனால் 'என் தப்பு' என்று ஒருத்தி பயமில்லாமல் போய்ச் சொல்லிவிட்டு, மறுநாள் அதே பலகைக்குத் திரும்பி வரமுடிகிறது பாருங்கள்... மில்லில் நாங்கள் எவ்வளவோ வாங்கினோம், அதை வாங்கவில்லை. இந்தப் பெண்கள் வாங்கிவிட்டார்கள். ஊக்குத்தொகை என்று நான் படித்தது அப்படி ஒன்றும் தப்பில்லை என்றே இப்போது தோன்றுகிறது.

யாழினி, எழுதினது போதும். எங்க, ஒரு தரம் மொதல்லேருந்து படிச்சிக் காட்டு, பாப்போம். நடுவுல எங்கயாச்சும் ஊக்கு கெடந்தா சொல்லிடு கண்ணு. ஆயா திட்டமாட்டேன்.